காளான் பாடம், காகிதத்தின் மேல்

காட்டுக் காளான்களை இனங்காண, பல்கலைக்கழகம் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஆர்வலர்களுக்கென 1895-இல் தொடங்கிய காளான் மன்றம் இன்றும் இயங்குகிறது. வட அமெரிக்கக் காளான் ஆர்வலர் சங்கம், நிபுணர்களின் உரைகளைப் பதிவு செய்து யூடியூபில் வெளியிடுகிறது. புரியாத இடத்தை நிறுத்தி, மீண்டும் பார்க்கலாம்.

வீட்டிலேயே செய்து பழக ஒரு பயிற்சி உண்டு. விரிந்த காளானின் காம்பை நீக்கி, குடையின் அடிப்புறம் காகிதத்தில் படும்படி வைத்துக் கிண்ணத்தால் மூட வேண்டும். சில மணி நேரத்தில் வித்துகள் கோலப்பொடி போல உதிர்ந்து படியும். அந்த வித்துகளின் நிறம் உண்ணத்தக்க வயல்காளானுக்கு அடர்பழுப்பு. கொடிய நஞ்சுள்ள 'டெத் கேப்' காளானுக்கு வெண்மை.

நிறம் மட்டும் போதாது.

டெத் கேப்பின் அடித்தண்டைச் சுற்றிப் பை போன்ற உறை ஒன்று மண்ணுக்குள் மறைந்திருக்கும். மேலாக வெட்டினால் அது மண்ணிலேயே தங்கிவிடும். எனவே தோண்டியெடுத்துப் பார்க்க வேண்டும். டெத் கேப்பின் நஞ்சு சமைத்தாலும் அழியாது. உண்டபின் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கவே பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் ஆகும். பின்பு உடல் தேறியது போலத் தோன்றும்போதே கல்லீரல் சிதைந்துகொண்டிருக்கும். ஆகவே, உரை கேட்டுக் கற்றவரும் காளானை அனுபவமுள்ள ஒருவரிடம் நேரில் காட்டி உறுதி செய்யாமல் உண்ணக் கூடாது.