மரணச் சான்றிதழில் மறைந்து போகும் நோய்



பிள்ளைப்பாக்கத்தில் ஓர் இளைஞர் கூரைக்காக ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கல்நார்த் தூசியால் வரும் நோய் தலைகாட்ட 20 முதல் 40 ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் அவர் வேலையை விட்டுச் சொந்த ஊருக்கே திரும்பியிருப்பார். அங்கே மூச்சுத் திணறி மரித்தால், அந்தத் தூசியை யார் நினைப்பார்கள்?

மருத்துவமனையில் இறப்பவருக்கு மருத்துவர் நிரப்புவது படிவம் 4. வீட்டில் இறப்பவருக்கு 4-ஏ. முதல் பகுதியின் மேல் வரியில் உடனடிக் காரணம், கீழ் வரியில் எல்லாவற்றையும் தொடங்கி வைத்த மூல நோய். புள்ளிவிவரத்துக்கு முக்கியம் கீழ் வரிதான். ஆனால் மேலே "இருதயம் நின்றது" என்று எழுதி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இருதயம் நிற்காமல் மரிப்பவர் யார்?

நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா புற்றுக்கு ஐ.சி.டி-10 வந்த பிறகே சி45 என்ற தனிக் குறியீடு கிடைத்தது. ஆஸ்பெஸ்டோசிஸுக்கு ஜே61. எழுதினால்தானே குறியிட முடியும்! 2020-ல் இந்தியாவில் பதிவான மரணங்களில் மருத்துவச் சான்று பெற்றவையே சுமார் 22.5 சதவீதம்தான்.

ஆஸ்பெஸ்டாஸ் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது வேலையை விட்டபின் 15 ஆண்டுகள், எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டுமென்று 1995-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கூரை அறுக்கும் தினக்கூலிக்கு ஏது பதிவேடு? அவர் என்ன வேலை செய்தார் என்பதை அறிந்தவர்கள் வீட்டார் மட்டுமே. படிவம் எழுதுமுன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். 2023-ம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி அச்சான்றின் நகல் நெருங்கிய உறவினருக்கும் உண்டு. வாங்கியதும் கீழ் வரியைப் பாருங்கள்.