விசித்திர மனிதர்கள் மறைந்து வருகிறார்களா?



முன்பெல்லாம் ஒவ்வோர் ஊரிலும் 'ஒரு மாதிரியான ஆள்' என்று பெயரெடுத்த ஒருவராவது இருப்பார். உச்சி வெயிலில் கம்பளிக் கோட்டு அணிந்திருப்பார். அல்லது, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மழையில் நனைந்தபடியே நடப்பார். தெருவில் காணும் நாய்க்கெல்லாம் வணக்கம் சொல்வார். அண்மையில் என் மாணவர்களிடம், "உங்கள் வீட்டுப் பக்கத்தில் இப்படி யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு ஒரு சிறுவன், "கைப்பேசியில் பார்த்திருக்கிறேன் ஐயா, நேரில் பார்த்ததில்லை" என்றான்.

அவன் சொன்னது என்னைச் சிந்திக்க வைத்தது. விநோதமான உடையும் நடத்தையும் அன்றாட வாழ்விலிருந்து மறைந்துதான் வருகின்றனவா? மறைகின்றன என்றால் காரணம் என்ன? அதனால் நமக்கு நட்டம் உண்டா? இன்று இதைச் சற்றே ஆராய்வோம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஊர் வழக்கத்திலிருந்து மாறுபட்டு உடுத்துவோர் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். மூன்று வகையினரை நாம் பிரித்துப் பார்க்கலாம்.

முதல் வகை, நேர்த்திக்கடனுக்காக வேறுபடுவோர். தைப்பூசத்தன்று பத்துமலைக்குச் செல்லுங்கள். அலுவலகத்தில் கழுத்துப்பட்டை அணிந்து அமர்ந்திருப்பவர் அன்று மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, மஞ்சள் உடுத்தி, நாவில் அலகு குத்திக் காவடி சுமந்து 272 படிகளையும் ஏறுவார். மற்ற நாளில் அதே கோலத்தில் அவர் பிரிக்பீல்ட்ஸ் சாலையில் நடந்தால் கூட்டம் கூடிவிடும். பத்துமலையில் 1892ஆம் ஆண்டு முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. இவ்வகை வேறுபாடு மறையவில்லை. ஆண்டுக்காண்டு கூட்டம் பெருகியே வருகிறது. ஆனால் அதற்கென்று ஒரு நாளும் ஓர் இடமும் குறிக்கப்பட்டிருக்கின்றன. சாட்டை, சுருட்டு, விபரீத வேடம் ஆகியவை வேண்டாம் என்று சமய அமைப்புகள் பக்தர்களைக் கேட்டுக்கொள்வதும் உண்டு. வேறுபாட்டுக்கும் ஓர் எல்லைக்கோடு இருக்கிறது.

இரண்டாம் வகை, கொள்கைக்காக வேறுபடுவோர். 1921ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் மதுரையில் காந்தியடிகள் தம் வழக்கமான ஆடையைக் களைந்து, ஏழை உழவனைப்போல் முழங்கால் வரை ஒரு துண்டு உடுத்தத் தொடங்கினார். அன்று அதைக் கண்டு முகஞ்சுளித்தவர்கள் இருந்தார்கள். அதே செப்டம்பரில் மறைந்த பாரதியாரும் தம் காலத்தவர் கண்ணுக்கு விசித்திரமானவராகவே தோன்றினார். அவர் பிறந்த சமூகத்தில் மீசை வைப்பது வழக்கமில்லை. அவரோ முறுக்கு மீசையும் தலைப்பாகையும் கோட்டுமாகத் திருவல்லிக்கேணித் தெருக்களில் நடந்தார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை என்பார்கள். இன்றோ நம் தமிழ்ப்பள்ளிகளில் மாறுவேடப் போட்டி என்றால், வகுப்புக்கு நான்கு பாரதியாவது வந்து நிற்கிறார்கள்! அன்று கேலிக்குரியதாக இருந்த மீசை இன்று பரிசுக்குரியதாகிவிட்டது.

இதற்குக் கடல் கடந்து போகவேண்டியதில்லை. நம் கிள்ளானிலேயே ஒரு வரலாறு உண்டு. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்பது அந்நாளைய தோட்டத்து எழுதாச் சட்டம். இறங்காமல் மிதித்துச் சென்றவன் திமிர் பிடித்தவன், புத்தி கெட்டவன். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களைத் திரட்டிய கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைவர்களில் ஒருவர், தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். சம்பள உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல் ஆகிய கோரிக்கைகளோடு, துரைமாருக்கும் கிராணிமாருக்கும் முன்னால் சைக்கிளில் அமர்ந்தபடியே செல்ல உரிமை வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை! தொழிலாளர்கள் தலையில் வெள்ளைக் காந்திக் குல்லாயும் அணிந்தார்கள். அந்தக் குல்லாயை நிர்வாகங்கள் கீழ்ப்படியாமையின் அடையாளமாகவே கண்டன. மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர்.

நேயர்களே, இன்று கிள்ளானில் ஒருவர் சைக்கிளில் உட்கார்ந்தபடியே முதலாளியைக் கடந்து போனால் யாராவது திரும்பிப் பார்ப்பார்களா? அந்தச் சாதாரணச் செயலுக்குப் பின்னால் எத்தகைய விலை கொடுக்கப்பட்டிருக்கிறது! ஆகவே, இரண்டாம் வகை வேறுபாடு மறைவது பெரும்பாலும் அது வெற்றி பெற்றதனால்தான். பழைய தோட்டமெல்லாம் வேறுபட்டவர்களை வாழவைத்த சொர்க்கம் என்று நாம் கற்பனை செய்துகொள்ளவும் கூடாது.

மூன்றாம் வகையினர்தாம் நம் கேள்விக்கு உரியவர்கள். இவர்களுக்கு நேர்த்திக்கடனும் இல்லை. கொள்கை முழக்கமும் இல்லை. தம் மனப்போக்கின்படி உடுத்துவார்கள், நடப்பார்கள். இவர்கள்தாம் குறைந்து வருகிறார்கள் என்பது என் கருத்து. காரணங்கள் பல.

ஒன்று, சீருடை. நம் நாட்டுப் பள்ளிகளில் 1970ஆம் ஆண்டு முதல் ஒரே வகைச் சீருடை நடைமுறைக்கு வந்தது. இதைக் குறை கூற எனக்கு மனம் வராது. கிழிந்த சட்டையால் கூசி நின்ற ஏழைப் பிள்ளையைச் சீருடை நிமிர்ந்து நிற்க வைத்தது. ஆயினும் பள்ளியிலிருந்து தொழிற்சாலை, தொழிற்சாலையிலிருந்து பாதுகாவல் பணி என்று பலருடைய வாழ்க்கை ஒரு சீருடையிலிருந்து மற்றொரு சீருடைக்கு மாறுவதாகவே அமைந்துவிட்டது.

இரண்டு, அதிகாரத்தின் கண்டிப்பு. 1970களில் சிங்கப்பூர் அரசு அலுவலகங்களில், நீண்ட முடி வைத்த ஆண்களுக்குக் கடைசியாகத்தான் சேவை வழங்கப்படும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். நம் நாட்டிலும் 1992இல், நீண்ட முடி வைத்த ஆண் பாடகர்களை அரசுத் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்று தகவல் அமைச்சு தடை விதித்தது. சேர்ச், விங்ஸ் ஆகிய ராக் குழுக்களின் பாடகர்கள் முடி வெட்டிக்கொண்ட காட்சி தொலைக்காட்சியிலேயே வந்தது. அன்று பள்ளி மாணவர்களாக இருந்த நாங்கள் மறுநாள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டோம்.

மூன்றாவது காரணந்தான் முதன்மையானது. அதை என் வாழ்வில் நேர்ந்த ஒன்றைக் கொண்டு விளக்குகிறேன்.

நான் கிள்ளான் வட்டாரத் தோட்டம் ஒன்றில் வளர்ந்தவன். எங்கள் லயத்தில் ஒரு தாத்தா இருந்தார். நாற்பது ஆண்டுகள் பால் வெட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் விடியற்காலை ஐந்து மணிக்குப் பழைய காக்கிக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு வந்துவிடுவார். மண்டோர் பெயர் கூப்பிட்டு முடித்ததும், தம் பெயரைத் தாமே உரக்கக் கூப்பிட்டு, "இருக்கேன் ஐயா!" என்று தாமே பதில் சொல்வார். பிறகு வீடு திரும்பிவிடுவார். சிறுவர்களாகிய நாங்கள் சிரிப்போம். பெரியவர்கள் சிரிக்க மாட்டார்கள். "அவர் வெட்டிய மரத்துப் பாலில்தானடா நீ வளர்ந்தாய்" என்று என் பாட்டி ஒருமுறை என் காதைத் திருகினார். அவர் ஒரு நாள் வரவில்லை என்றால், மண்டோரே ஆள் அனுப்பி, உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்.

பின்னர் தோட்டம் விற்கப்பட்டது. லயங்கள் இடிக்கப்பட்டன. பல குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. தாத்தாவின் குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒரே கட்டடத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கும் அவர் ஐந்து மணிக்குக் கோட்டு அணிந்து, கார் நிறுத்துமிடத்தில் நின்று தம் பெயரைக் கூப்பிட்டார். மேல்மாடியில் இருந்தவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. இருட்டில் ஒருவன் கத்துகிறான் என்பது மட்டுமே தெரியும். குழந்தைகள் பயப்படுவதாகப் புகார் மனு ஒன்று வீடு வீடாகக் கையொப்பத்துக்கு வந்தது. நான் அப்போது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முடித்துப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தூக்கம் கெடுகிறது என்ற எரிச்சலில், மனுவைக்கூடச் சரியாகப் படிக்காமல் நானும் கையொப்பம் இட்டேன்.

அதன்பிறகு அவர் மகன் கதவைப் பூட்டி வைத்தார். கார் நிறுத்துமிடம் அமைதியாயிற்று. அடுத்த ஆண்டே தாத்தா காலமானார். மூப்பினால் வந்த மரணந்தான். என் கையொப்பத்தால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் அவர் ஏன் தம் பெயரைக் கூப்பிடுகிறார் என்று சொல்லக்கூடியவர்கள் சிலரே இருந்தோம். அச்சிலருள் ஒருவனாகிய நான் அதைச் சொல்லாமல் கையொப்பம் இட்டேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

இதிலிருந்து நான் அறிந்தது இதுதான். தோட்டத்தில் அவருடைய விநோதம் அவரைப் பற்றிய பத்துச் செய்திகளில் ஒன்று. நல்ல வெட்டுக்காரர், மனைவியை இளமையிலேயே இழந்தவர், காமன் கூத்தில் பாடுபவர் என்று மற்ற ஒன்பதும் எல்லாருக்கும் தெரியும். அடுக்குமாடியில் அந்த ஒன்பதும் போய்விட்டன; விநோதம் மட்டுமே எஞ்சியது. அறிமுகமில்லாத விநோதம் அச்சத்தைத் தருகிறது. அச்சம் புகார் மனுவாகிறது. இக்காலத்தில் மனுகூடத் தேவையில்லை. கைப்பேசியில் படம் பிடித்து ஒரு நொடியில் ஊரெங்கும் அனுப்பிவிடுகிறார்கள். தம்மைப் படம் பிடித்துவிடுவார்களோ என்று அஞ்சுபவன், வீதியில் எல்லாரையும் போலவே நடந்துகொள்கிறான். திரையில் விசித்திரக் காட்சிகள் பெருகப் பெருக, தெருவில் அவை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதனால் நட்டம் உண்டா? ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், சுதந்திரம் பற்றி 1859இல் வெளியிட்ட நூலில் இதைத் தொட்டிருக்கிறார். ஒரு சமுதாயத்தில் வழக்கத்தை மீறி நடக்கத் துணிவோர் எவ்வளவு உளரோ, அந்த அளவுக்கே அங்கு அறிவாற்றலும் மனவுரமும் இருக்கும் என்பது அவர் கருத்து. இதை நாம் கிள்ளான் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கலாம். கோட்டு அணிந்து தம் பெயரைக் கூப்பிடும் கிழவரைப் பொறுத்துக்கொள்ளாத ஊர், நாளை குல்லாய் அணிந்து நியாயம் கேட்பவனையும் பொறுத்துக்கொள்ளாது. தொடக்கத்தில் இருவரும் நம் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றுவார்கள்.

பிறருக்குத் தீங்கு செய்வதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் கூறவில்லை. நோயுற்றவருக்கு மருத்துவம் வேண்டும். உறங்குவோருக்கு அமைதி வேண்டும். ஆனால் எது தீங்கு, எது வெறும் வேறுபாடு என்று தெரிந்துகொள்ள அம்மனிதரைச் சற்றேனும் அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

அதனால் என் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். பெற்றோரை உடன் அழைத்துக்கொண்டு, தம் வட்டாரத்தில் வேறுபட்டுத் தோன்றும் ஒருவரிடம் பேசி ஒரு பக்கம் எழுதவேண்டும், படம் எடுக்கக்கூடாது, பெயர் கேட்கவேண்டும். ஒரு மாணவி, கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் எப்போதும் இரண்டு கைக்கடிகாரம் கட்டியிருக்கும் ஒருவரைப் பற்றி எழுதினாள். ஒன்று அவருடையது. மற்றொன்று, ஊருக்குத் திரும்பிச் சென்று அங்கேயே இறந்துபோன அவர் அண்ணனுடையது. அது ஊர் நேரம் காட்டுகிறதாம். "இனி அவர் எனக்கு விசித்திரமாகத் தெரியவில்லை ஐயா" என்று கடைசி வரியில் எழுதியிருந்தாள்.

நேயர்களே, உங்கள் குடியிருப்பிலும் அப்படி ஒருவர் இருக்கக்கூடும். அடுத்தமுறை அவரைக் காணும்போது பெயரைக் கேட்டுவையுங்கள். என்றாவது ஒரு புகார் மனு உங்கள் வாசலுக்கு வந்தால், அவரைப் பற்றிச் சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கட்டும்.