குழியை மூடும் காசு யாரிடம் இருக்கிறது?

தளியிலிருந்து ஜவளகிரி போகும் பக்கம் ஒரு பழைய கல் குவாரி. வேலை நின்று பல வருஷம் ஆகிவிட்டது. செங்குத்தாக வெட்டிய சுவர், அடியில் பச்சைத் தண்ணீர், ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும் கம்பிவேலி. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கன்னடம் கலந்த தமிழில் கேட்டார்: "இதை மூடுவாங்களா சார்? மூடணும்னு ரூல் இருக்காமே?" இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து விதிகளை எடுத்துப் படித்தபோதுதான் நான் சொன்னது பாதிதான் சரி என்று புரிந்தது. மீதிப் பாதிக்காக இந்தக் குறிப்பு.

சுரங்கத்தை மூடுவது பற்றி நம் நாட்டில் ஓரளவு விவரமான ஏற்பாடு நிலக்கரிக்குத்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். 2009 ஆகஸ்டில் நிலக்கரி அமைச்சகம் ஒரு நெறிமுறை கொண்டுவந்தது, 2013 ஜனவரியில் அதைத் திருத்தியது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிக்கும் இது பொருந்தும். சுரங்கத் திட்டத்தோடு மூடல் திட்டமும் வர வேண்டும் என்பது முதல் விஷயம். முக்கியமானது இரண்டாவது: காசை முன்கூட்டியே கட்ட வேண்டும். 2013 நெறிமுறைப்படி, திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று 2009 விலையில் கணக்கிட்டு, சுரங்கத்தின் ஆயுட்காலத்துக்குப் பிரித்து, ஆண்டுக்கு 5 சதவீதம் கூட்டிக்கொண்டே போய் வங்கியில் தனிக்கணக்கில் போட வேண்டியிருந்தது. நிறுவனம் மட்டும் கையெழுத்துப் போட்டு அதை எடுக்க முடியாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நிலத்தைப் பார்த்து, செய்த வேலைக்கு ஏற்ப, கட்டியதில் 80 சதவீதம் வரை திரும்பக் கொடுக்க அந்த நெறிமுறை இடம் தந்தது. மீதி கடைசியில்தான்.

அமெரிக்காவில் 1977-இல் வந்த நிலக்கரிச் சட்டம் இதைவிடக் கறார். பிணைத்தொகை கட்டாமல் மண்ணில் கை வைக்க முடியாது. குழியை நிரப்பி, மேடு பள்ளம் சரிசெய்து, வடிகால் அமைத்தால் 60 சதவீதம் வரை விடுவிக்கலாம். அதற்குப் பிறகு செடிகொடி பிழைக்கிறதா என்று ஐந்து வருஷம் பார்ப்பார்கள், மழை குறைந்த பகுதியில் பத்து வருஷம். காசை விடுவிக்கும் நேரத்தில் பக்கத்து நிலத்துக்காரர் ஆட்சேபம் சொல்லி விசாரணை கேட்கலாம். எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த இடம்தான். நம் ஊரில் கருத்துக் கேட்பு என்றால் தோண்டுவதற்கு முன்னால் ஒருநாள் பந்தல் போடுவதோடு சரி.

இப்போது தளிக்கு வருவோம். இங்கே எடுப்பது கிரானைட்டும், ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் போகிற சாதாரணக் கல்லும். இரண்டும் சட்டத்தின் கண்ணில் 'சிறு கனிமம்'. 1957-ஆம் ஆண்டு கனிமச் சட்டம் சிறு கனிமத்துக்கு விதி போடும் அதிகாரத்தை மாநிலத்திடம் விட்டுவிட்டது. அதனால் நிலக்கரியின் தனிக்கணக்கு ஏற்பாடு இங்கே கிடையாது. இரும்புத்தாது, சுண்ணாம்புக்கல் போன்ற பெரிய கனிமங்களுக்கு 2017 விதிகள் முதலில் ஹெக்டேருக்கு 2, 3 லட்ச ரூபாய் என்று கேட்ட உத்தரவாதமும் பொருந்தாது. ஒரு ஒப்பீட்டுக்கு: 4 ஹெக்டேர் குவாரிக்கு நிலக்கரிக் கணக்கைப் போட்டால், 2009 விலையிலேயே 24 லட்சம் வரும்.

காசு ஒரு பக்கம் இருக்கட்டும். நிரப்ப மண் எங்கே? நெய்வேலியில் நிலக்கரியைத் தொடும் முன் அதைவிடப் பல மடங்கு மேல்மண்ணை அள்ளுகிறார்கள். அதைத் திரும்பக் குழியில் கொட்டி மேலே மரம் வைக்கலாம், வைத்தும் இருக்கிறார்கள். கல் குவாரியில் மேல்மண் கொஞ்சம்தான், அதற்குக் கீழே உள்ளதெல்லாம் லாரி ஏறிப் போய்விடுகிறது. பெங்களூரு அடுக்குமாடியிலும் ஓசூர் சாலையிலும் இருப்பதைத் திரும்பக் கொண்டுவந்து கொட்ட முடியாதில்லையா. அதனால் மூடல் அத்தியாயத்தில் பெரும்பாலும் இருப்பது இவ்வளவுதான்: சுற்றி வேலி, ஓரத்தில் மரக்கன்று, குழி மழைநீர்த் தேக்கமாகப் பயன்படும். அதாவது, மூடப்போவதில்லை என்பதைத்தான் மூடல் திட்டம் என்ற பெயரில் எழுதிக் கொடுக்கிறார்கள். இதில் மோசடி என்று ஒன்றும் இல்லை. ஆனால் பெரியவரிடம் நான் "இருக்கு" என்றபோது அவர் புரிந்துகொண்டது இது இல்லை.

பரிசீலனையின் பாதையும் சிறியது. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் அறிவிக்கையில் 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கு அனுமதியே தேவைப்படவில்லை. எனவே ஐந்துக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் குத்தகைகள் பெருகின. 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம்தான் சிறியதற்கும் அனுமதி வேண்டும் என்றது. 2020 ஜனவரியில் அதே நீதிமன்றம் இன்னொன்றும் சொன்னது: தோண்டி முடித்தவர்கள் அந்த நிலத்தில் புல் வளர்த்து, தீவனத்துக்கும் உயிரினங்களுக்கும் ஏற்றதாக ஆக்கித் தர வேண்டும். நல்ல உத்தரவு. அறுபதடி ஆழத்தில் வெறும் பாறையின் மேல் எந்தப் புல் என்பதைத் திட்டத்தைப் பரிசீலிக்கிறவர்தான் கேட்க வேண்டும்.

தளியில் இன்னொரு கேள்வியும் உண்டு. பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக ராகி விளையும் பருவத்தில் யானைகள் இந்தப் பக்கம் வரும். தண்ணீரைப் பார்த்தால் இறங்கும். படிப்படியாக, ஒவ்வொரு படியின் அகலமும் உயரத்துக்குக் குறையாமல் வெட்டிய குழி என்றால், ஒரு பக்கம் சரிவுப் பாதை அமைக்க இடம் இருக்கும். செங்குத்தாக அறுத்ததில் யானையும் ஏற முடியாது, ஆடும் ஏற முடியாது, நீச்சலுக்குப் போன பையனும் ஏற முடியாது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021 நவம்பரில் தமிழக அரசு போட்ட தடையில் இருந்து, 2022 டிசம்பரிலேயே காப்புக்காடு நீக்கப்பட்டது. அதனால் குழியின் வடிவம் முன்பைவிட முக்கியமாகிவிட்டது.

சுற்றுச்சூழல் அனுமதி வாங்கியவர்கள், நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை கொடுக்க வேண்டும். அனுமதிக் கடிதங்கள் பரிவேஷ் தளத்தில் கிடைக்கும். இப்போதெல்லாம் ஒரு குவாரித் திட்டம் கையில் கிடைத்தால் நான் முதலில் திறப்பது கடைசி அத்தியாயத்தை. குழியின் குறுக்குவெட்டுப் படத்தில் படிகள் இருக்கிறதா, வேலிக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், அந்தப் பணம் குத்தகை முடிகிற அன்று யார் கணக்கில் இருக்கும். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதிய திட்டம் ஒன்றைக்கூட நான் இதுவரை படித்ததில்லை. பெரியவரை மறுபடி பார்க்கும்போது இதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.