துப்பாக்கிக் கணக்கு உதைக்கிறது

வங்கியில் முப்பத்து நாலு வருஷம் பற்று, வரவு பார்த்தவன் நான். 2017-ல் ஓய்வு பெற்று, மறைமலைநகருக்கு மேற்கே இருக்கும் பூர்வீக நிலம் மூன்று ஏக்கரில் இயற்கை வேளாண்மைக்கு வந்தேன். பூச்சிக்கு வழி சொல்ல நம் இயக்கத்தில் ஆயிரம் பேர் இருந்தார்கள். பஞ்சகவ்யா, மீன் அமிலம், வேப்பங்கொட்டைக் கரைசல் எல்லாம் கைவந்தது. ஆனால் முயலுக்கும் புறாவுக்கும் எலிக்கும் எந்தக் கரைசலை அடிப்பது?

2018 நவரைப் பட்டத்தில் ஒரு ஏக்கர் காராமணி, இரண்டு ஏக்கர் நேரடி நெல் விதைப்பு. இரண்டு இலை விட்ட காராமணியை ராத்திரியோடு ராத்திரியாக முயல் கத்தரித்துவிட்டுப் போனது. விதைநெல்லை மாடப்புறா பொறுக்கியது. தொழிற்சாலைக் கூரைகளில் குடியிருக்கும் கூட்டம், காலை ஷிஃப்டுக்கு வருவது மாதிரி ஏழு மணிக்கு டாண் என்று வயலில் இறங்கும். முயலுக்காகக் கடற்கரைப் பக்கம் போய்ப் பழைய மீன்வலை வாங்கிவந்து சுற்றிலும் கட்டினேன். புறாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அக்கா மகன் சொன்னான்: "மாமா, ஒரு ஏர் ரைஃபிள் வாங்கிடலாம். பாயிண்ட் ஒன் செவன் செவன். லைசென்ஸ் வேணாம். நாலு விழுந்தா மத்தது கிட்ட வராது."

வாங்கினோம். முதல் நாள் மூன்றாவது குண்டில் ஒரு புறா விழுந்தது. சாகவில்லை. இறக்கை ஒடிந்து வரப்போரமாக ஓடியது. என் கை நடுங்கிவிட்டது. களை எடுக்க வந்திருந்த ஆயா, "அடிச்சிட்டீங்க இல்ல சார், முடிச்சி வுடுங்க. துடிக்கவிட்டு வேடிக்கை பாக்காதீங்க" என்றார். என்னால் முடியவில்லை. அவரே முடித்தார். பிறகு அதன் இரைப்பையைக் கீறிக் காட்டினார். உள்ளே முளைகட்டிய நம் விதைநெல். எண்ணினேன், முப்பத்தெட்டு மணி.

ஆக, புறா தின்னவில்லை என்று வாதாட நான் வரவில்லை. தின்றது உண்மை. மாடப்புறா அப்போது சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லை. ஆனால் மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே கூட்டம் வந்து இறங்கியது. அனுமந்தபுரம் பக்கம் துப்பாக்கிப் பயிற்சி நடக்கும் நாளில் காற்று திரும்பினால் எங்கள் வயலுக்கே வேட்டுச் சத்தம் கேட்கும். அதற்கே அசையாத பறவைகள், என் ஏர் ரைஃபிளின் 'டப்' சத்தத்துக்கா பயப்படும்? இருபது நாள், தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். விழுந்தது ஒன்பது.

அறுவடையில்தான் கணக்கு உதைத்தது. ஏக்கருக்குப் பதினெட்டு மூட்டை எதிர்பார்த்த இடத்தில் பன்னிரண்டுதான் வந்தது. வரப்போரமெல்லாம் வட்டம் வட்டமாக வெட்டு. எலி!

வளை வெட்ட ஓர் இருளர் பெரியவரை அழைத்து வந்தேன். கடப்பாரையால் வரப்பைத் தட்டிப் பார்த்து, பக்க வாசல்களை மண்ணால் அடைத்து, பானையில் வைக்கோல் புகை போட்டு ஊதினார். ஒரே வளையிலிருந்து மூன்று படிக்கு மேல் நெற்கதிர் வந்தது. வழக்கப்படி வளை நெல் அவருக்குத்தான். அதை மூட்டை கட்டிக்கொண்டே சொன்னார்: "சாரு மேல பாத்து சுட்டுனு இருந்தீங்க. திருடன் கீழ இருக்கான்."

அடுத்து ஒன்று கேட்டார்: "இங்க பெரிய சாரை ஒண்ணு இருந்துச்சே, இன்னா ஆச்சு?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முயலுக்குக் கட்டிய மீன்வலையில் சிக்கி அது செத்துக் கிடந்ததை நான்தான் எடுத்துப் போட்டேன். எலிக்குக் காவல் இருந்ததைக் கொன்றுவிட்டு, நெல்லுக்குக் காவலாக நான் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தேன்.

இந்தக் கணக்கை நமக்கு முன்பே சரியாகப் போட்டவர்கள் நம் மாவட்டத்திலேயே இருந்தார்கள். வேடந்தாங்கல் என்றால் வேடனின் தாங்கல், அதாவது வேட்டைக்காரரின் ஏரி. பிரிட்டிஷ் சிப்பாய்கள் அந்த ஏரியில் கொக்கையும் நாரையையும் சுட்டபோது, சுற்றுவட்டார உழவர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798-ல் சுடக்கூடாது என்று உரிமைப் பட்டயம் எழுதி வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்தும் கொண்டார்கள். ஜீவகாருண்யம் ஒரு பக்கம் இருக்கட்டும், அதில் உழவுக் கணக்கும் இருந்தது. பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்த வயலுக்குத் தனியாக உரம் தேவைப்படவில்லை. பறவை தின்பதைப் பற்றிலும், தருவதை வரவிலும் எழுதிப் பார்த்தவர்கள் அவர்கள். நான் பற்றுப் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் துப்பாக்கி வாங்கினேன்.

மாடப்புறா எச்சம் என் வயலுக்கு வரவு வைத்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சுடுவதால் அந்தப் பற்று குறையவில்லை என்பதை என் இருபது நாள் சொல்லிவிட்டது. பெரிய உதாரணம் வேண்டுமானால் ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1859-ல் வேட்டை விளையாட்டுக்கென்று ஒரு பண்ணையார் இருபத்து நான்கு முயல்களை அவிழ்த்துவிட்டார். அவை பெருகிப் பயிரையும் புல்லையும் மொட்டையடித்தன. சுட்டார்கள், விஷம் வைத்தார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 1907-க்குள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேலியும் போட்டார்கள். 1950-ல் நோய்க்கிருமியைப் பரப்பிய பிறகுதான் பெருமளவு குறைந்தன. அதையும் தாங்கிய முயல்கள் மறுபடி பெருகின.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதால் எதை வேண்டுமானாலும் சுடலாம் என்று நினைக்காதீர்கள். முயல், காட்டுப்பன்றி, மயில் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. மயிலைக் கொன்றால் குறைந்தது மூன்று ஆண்டு சிறை. 2022 திருத்தத்தில் பட்டியல்களும் மாறியிருக்கின்றன. காட்டுப்பன்றியைக்கூட, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினரே சுடுவார்கள் என்றுதான் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்தது. உழவன் கையில் துப்பாக்கியைக் கொடுக்கவில்லை.

இப்போது நான் செய்வது இதுதான்:

புறாவுக்கு: நேரடி விதைப்பை விட்டு நாற்று நடவுக்கு வந்துவிட்டேன். நாற்றங்காலில் விதைத்ததும் மேலே வைக்கோல் பரப்பி, நன்றாக முளைத்த பிறகு எடுக்கிறேன். பழைய கேசட் நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் கட்டினால் காற்றில் விர்ரென்று அதிரும். பத்து நாளில் பறவைகள் பழகிவிடும், நாற்றுக்கு அந்தப் பத்து நாள் போதும்.

முயலுக்கு: மீன்வலையை அவிழ்த்துவிட்டேன். அதற்குப் பதில் பச்சை நிழல்வலை, இரண்டரை அடி உயரம், கீழ் ஓரத்தை மண்ணில் புதைத்து. கண்ணி சிறியது, பாம்பு தலை நுழைத்து மாட்டிக்கொள்ளாது. மீன்வலையை எடுக்க முடியாதவர்கள் தினம் காலையில் கத்தியோடு ஒரு சுற்று வாருங்கள். சிக்கியதை அறுத்துவிடலாம். விஷப்பாம்பாக இருந்தால் தெரிந்தவரை அழையுங்கள்.

எலிக்கு: அகல வரப்பில்தான் வளை வைக்கும். வரப்பை ஒடுக்கிச் செதுக்கி, புல் மண்டாமல் வைத்திருக்கிறேன். நட்ட மறுவாரமே 'டி' வடிவக் கம்புகளை ஊன்றிவிடுவேன். இருட்டியதும் கூகை வந்து உட்காருகிறது. தஞ்சாவூர் கிட்டி ஏக்கருக்குப் பத்து. பட்டத்துக்கு இரண்டு முறை இருளர் பெரியவர் வருகிறார், கூலியோடு வளை நெல்லும் அவருக்கு. வடநெம்மேலியில் 1978 முதல் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் மக்கள் அவர்கள். 2023-ல் அவர்களில் இருவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த அறிவுக்குக் கூலி கொடுக்க நாம் தயங்கக் கூடாது.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. போன சம்பாவில் ஏக்கருக்குப் பதினாறு மூட்டை கண்டேன். மீதி இரண்டு மூட்டை போன இடம் எனக்குத் தெரியும். ஒரு ராத்திரியில் காட்டுப்பன்றி உழுதுபோட்ட இருபது சென்ட்டுக்கு என்னிடம் மருந்து இல்லை. அதற்கு இழப்பீடு அலையவிடாமல் கிடைக்க வேண்டும் என்று நம் இயக்கம் கேட்பது நியாயமான கோரிக்கை. சேதத்தை உழவன் மட்டும் சுமக்க வேண்டும் என்றால், கண்ணியும் மின்வேலியும் அவுட்டுக்காயும் ஊருக்குள் வரத்தான் செய்யும்.

ரைஃபிள் பரண்மேல் கிடக்கிறது. அருணாசலப் பிரதேசத்தில் 2021-லிருந்து ஏர் கன்களை மக்களே அரசிடம் ஒப்படைத்து வருகிறார்கள். இங்கே அப்படி ஓர் ஏற்பாடு வந்தால் முதல் ஆளாக நிற்பேன். அதுவரை, துப்பாக்கி வாங்கலாமா என்று யோசிக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: முதலில் டார்ச்சோடு ஒரு ராத்திரி வரப்பில் நடந்து பாருங்கள். உங்கள் நெல்லை யார் எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.