கரண்ட் போனாலும் மறக்காத காந்தம்!

2012 பிப்ரவரி. ராத்திரி எட்டரை மணி. ஆடிட்டர் ஆபீஸ். மறுநாள் காலையில் பாங்க்கில் கொடுக்கவேண்டிய கணக்கை நானும் சீனியர் அண்ணனும் எக்செல்லில் ஏற்றிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு அவர் பெண்ணுக்கு ஸ்கூல் ஆண்டு விழா. பரதநாட்டியம் வேறு.

"கிளம்புங்கண்ணே, நான் பாத்துக்கறேன்."

"அடுத்த வருஷமும் ஆடுவாடா. நீ டைப் அடி."

டப்! கரண்ட் கட். யு.பி.எஸ். ஒரே ஒரு 'கீக்' சொல்லிவிட்டு உயிரை விட்டது. நாலு மணி நேர உழைப்பு காலி. நான் சேவ் பண்ணவில்லை. ஆட்டோ ரெகவரியை யாரோ ஆஃப் பண்ணி வைத்திருந்தார்கள். (ஹி... ஹி... நான்தான்!)

அண்ணன் திட்டவில்லை. அதுதான் வலித்தது.

ஒரே பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க் ஞாபகம் வைத்திருக்க, ராம் மட்டும் ஏன் மறக்கிறது? டெபிட், கிரெடிட் தவிர வேறெதுவும் அறியாத பி.காம். ஆசாமி நான். ஆனாலும் விடாமல் படித்தேன்.

ராம் ஓர் ஓட்டைக் குடம் ஸார்! துளியூண்டு மின்சாரம்தான் அதன் ஞாபகம். கசிந்துகொண்டே இருக்கும். 64 மில்லி செகண்டுக்குள் திரும்ப நிரப்ப வேண்டும். கரண்ட் போனால் நிரப்ப ஆளேது? ஹார்ட் டிஸ்க்கோ காந்தம். கரண்ட் இல்லாவிட்டாலும் திசை மாறாது. ஆனால் ஆமை வேகம்.

அப்படியானால் ராமையே காந்தத்தில் செய்தால் என்ன?

செய்துவிட்டார்கள். பெயர் எம்-ராம். இதற்கு விதை போட்டவர்கள் பிரான்சின் ஆல்பர்ட் ஃபெர்ட், ஜெர்மனியின் பீட்டர் க்ரூன்பெர்க். 1988-ல் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். சில அணுக்கள் கனமே உள்ள இரும்பு, க்ரோமியம் அடுக்குகள். இரும்பு அடுக்குகளின் காந்தத் திசை ஒன்றானால் எலெக்ட்ரான் சுலபமாகப் போகும். எதிரெதிரானால் திணறும். காரணம், எலெக்ட்ரானே 'ஸ்பின்' உள்ள ஒரு குட்டிக் காந்தம். இருவருக்கும் 2007-ல் நோபல்.

எம்-ராம் ஒரு சாண்ட்விச். ரொட்டி, கோபால்ட்-இரும்பு-போரான் கலவை. நடுவில் மக்னீசியம் ஆக்ஸைடு. முதலில் கலவையின் அணுக்கள் சந்தைக் கூட்டம் மாதிரி தாறுமாறாக நிற்கும். 300 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் போரான் நகர்ந்து வெளியேற, மற்றவை ஆக்ஸைடின் வரிசையைப் பார்த்து, ஸ்கூல் பிரேயர் போல ஒழுங்காக நிற்கும்.

இனிமேல்தான் வேடிக்கை. இந்தப் படலத்தில் காந்தம் சாதாரணமாகப் படுத்துக் கிடக்கும். 2010-ல் ஜப்பானின் டொஹோக்கு பல்கலைக்கழகத்தில் கனத்தை 1.3 நானோமீட்டராக்கினார்கள். எழுந்து நின்றுவிட்டது!

ஏன்? ஆக்ஸைடைத் தொடும் ஓரத்து அணுக்கள்தான் காந்தத்தை நிமிர்த்துகின்றன. நூறு பேர் ஆபீஸில் வாசல்பக்க ரெண்டு பேர் பேச்சை யார் கேட்பார்கள்? ஐந்து பேர் ஆபீஸில் அவர்கள்தான் மானேஜர்! நிற்கும் காந்தங்களை நெருக்கி அடுக்கலாம். திருப்பவும் கொஞ்சம் கரண்ட் போதும்.

எம்-ராம் சிப் 2006-லேயே கடைக்கு வந்துவிட்டது. ஆனால் விலை அதிகம், கொள்ளளவு குறைவு. அதனால் நம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இன்னமும் அதே ஓட்டைக் குடம்தான்.

அண்ணன் பெண் மறு வருஷம் பத்தாம் கிளாஸ். டான்ஸை நிறுத்திவிட்டார்கள். அவள் மேடையில் ஆடியதை அவர் பார்க்கவே இல்லை. அதைத் திருப்பித் தர எந்தக் காந்தத்தாலும் முடியாது.

எதற்கும் இப்பவே ஒரு தடவை கன்ட்ரோல்-எஸ் அடித்துவிடுங்கள் ஸார். அப்படியே வீட்டுக்கும் கிளம்புங்கள்!