திங்கட்கிழமை காலையில் விழும் முதல் அடி!

அம்பர்நாத்தில் ஒரு பட்டறை. திங்கட்கிழமை காலை 8 மணி. கம்ப்ரசர் ஓடி, குழாயில் காற்று நிறைந்தது. இரும்புத் துண்டை எடுத்துத் திருப்பி வைக்கும் இயந்திரக் கை அரை வட்டம் சுற்றி, "டமார்" என்று முட்டியது. பக்கத்தில் நின்ற திருநெல்வேலி அண்ணாச்சி கையைப் பின்னுக்கு இழுத்துக் கொண்டார். விரல் தப்பியது!

"சனிக்கிழமை சாயங்காலம் பூனை மாதிரிதான் திரும்பிச்சு தம்பி. யாரும் ஒரு திருகைக்கூடத் தொடலை. பிறகு ஏன் அடிச்சுது?" என்று மாலை ரயிலில் என்னிடம் கேட்டார்.

நானோ ரயில்வே குமாஸ்தா. தெரிந்த பிட்டர் ஒருவரிடம் விசாரித்தேன். அவர் சொன்ன விவரம், இதே வேலை பார்க்கும் நம்மவர்கள் பலருக்கும் பயன்படும்.

காற்றுதான் பிரேக்

அந்தக் கையைத் திருப்புவது காற்றில் இயங்கும் ரோட்டரி சிலிண்டர். ஒரு பக்கம் காற்று புகுந்து தள்ளும். மறுபக்கக் காற்று வெளியேறும். அது வெளியேறும் வழியை ஒரு சிறு திருகால் குறுக்கி வைப்பார்கள். அடைபட்ட காற்று எதிர்த்து நிற்பதால் கை நிதானமாகத் திரும்புகிறது.

கம்ப்ரசரை நிறுத்திக் காற்றை இறக்கிவிட்டால், இரு பக்கமும் அழுத்தம் இருக்காது. மறுபடி காற்று பாயும்போது எதிர்த்துத் தடுக்க ஒன்றும் இல்லை. முதல் சுற்று மட்டும் பிரேக் இல்லாத வண்டி!

4 மடங்கு அடி

உற்பத்தியைக் கூட்டுவதற்காகத் திருகைத் தளர்த்துவதிலும் ஆபத்து உண்டு. 1 வினாடியில் சுற்றிய கை அரை வினாடியில் சுற்றினால், வேகம் 2 மடங்கு. முடிவில் மோதும் சக்தியோ 4 மடங்கு. சுற்றும் நேரம் மாறாவிட்டாலும், நுனியில் உள்ள பளுவை மையத்திலிருந்து 2 மடங்கு தூரம் தள்ளி மாட்டினால் பளுவின் சக்தி 4 மடங்காகும். இரண்டும் சேர்ந்தால் 16 மடங்கு!

அந்த அடி உள்ளே இருக்கும் பல்சக்கரத்துக்குப் போகிறது. பல் தேயும். ஒருநாள் உடையும். பழி மட்டும் இயந்திரத்தை ஓட்டியவர் தலையில் விழும்.

அடியை வாங்கும் வழி

சிறு பளுவுக்கு ரப்பர் போதும். அடுத்தது காற்றுக் குஷன். சுற்று முடியப் போகும் நேரத்தில் வெளியேறும் வழி அடைபட்டு, மிச்சக் காற்று மெத்தை போலத் தாங்கும். வெளியே தடுப்பு வைத்துக் கையை முன்கூட்டியே நிறுத்தினால் இந்தக் குஷன் வேலையே செய்யாது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

பெரிய பளுவுக்கு எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர் வேண்டும். சிறு துளைகள் வழியே எண்ணெய் பிதுங்கி, மோதலை வெப்பமாக்கிவிடும். அதை மையத்திலிருந்து தள்ளிப் பொருத்தினால், அது தாங்க வேண்டிய விசை குறையும்.

எதற்கும் ஒரு அளவு உண்டு. 2015 ஜூன் 28 அன்று சர்ச்கேட்டில் ஒரு மின்சார ரயில் முனைத் தடுப்பையும் மீறிப் பிளாட்பாரத்தில் ஏறியதை நாம் அறிவோம். தாங்கும் அளவுக்கு மேல் வேகம் வந்தால் எந்தத் தடுப்பும் தாங்காது.

என்ன செய்யலாம்?

காற்றை மெதுவாக ஏற்றும் "சாப்ட் ஸ்டார்ட்" வால்வு இருந்தால் முதல் அடி தணியும். தடுப்பை மாற்றும் முன் காற்றை மூடி, அழுத்தம் இறங்கிவிட்டதா என்று பார்க்க வேண்டும். காற்று திறக்கும்போது கை சுற்றும் வட்டத்துக்குள் ஒருவரும் நிற்கக் கூடாது.

அண்ணாச்சி இதை மேஸ்திரியிடம் சொல்லிவிட்டார். வால்வு இன்னும் வரவில்லை. இப்போதெல்லாம் கம்ப்ரசர் ஓடத் தொடங்கியதும் அவர் குரல்தான் முதலில் கேட்கிறதாம்:

"எல்லாரும் தள்ளி நில்லுங்கப்பா! முதல் சுற்று போகட்டும்!"