சிறுவர்க்கு வேளாண்மை வரலாறு கற்பிக்கும் ஐயோவாப் பண்ணைகள்

தானியம் விளையும் விதத்தை அறியாத சிறுவர் இக்காலத்தில் நகரங்களில் மட்டுமன்றிக் கிராமங்களிலும் பெருகி வருகின்றனர். வீட்டில் நிலமிருந்தும் வயலில் இறங்கியறியாத பிள்ளைகளை நாம் எங்கும் காண்கிறோம். இவர்களே நாளை அந்நிலத்துக்கு உடையவர்களாகவும், ஊர்க்காரியங்களை நடத்துவோராகவும், விளைபொருளுக்கு விலை கூறுவோராகவும் வரப்போகின்றவர்கள். ஒரு மூட்டைத் தானியத்தின் பின்னே எத்தனை மணி நேர உழைப்பும் எவ்வளவு மண்வளமும் நிற்கின்றன என்பதை அறியாதவன் இக்கடமைகளில் எதனையும் செவ்வையாகச் செய்தல் அரிது.

இக்குறையை நீக்கப் பிற நாடுகளில் கையாளப்படும் வழிகளுள் ஒன்று, முற்காலத்து வேளாண்மையை அக்கால முறைப்படியே நடத்திக் காட்டும் பண்ணைகளை அமைத்தலாகும். பழைய வீடுகளையும் தொழில்களையும் திறந்தவெளியில் அமைத்துக் காட்டும் முறைக்கு ஸ்வீடன் நாட்டில் ஆர்தர் ஹேசலியஸ் என்பார் 1891ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரில் நிறுவிய 'ஸ்கான்சன்' வழிகாட்டியாயிற்று. வேளாண்மையையே முதன்மையாகக் கொண்ட இத்தகைய இடங்களுள் பேர்பெற்ற ஒன்று அமெரிக்காவில் உள்ளது. நம்மவர் பலருடைய மக்களும் பேரப்பிள்ளைகளும் அந்நாட்டில் வசிப்பதால், அதனைக் காணும் வாய்ப்பு நம் வாசகர் சிலர்க்கும் கிட்டக்கூடும். ஆதலின் அதன் அமைப்பையும், சிறுவருடன் அதனைப் பார்க்கவேண்டிய முறையையும் ஈண்டுக் கூறுவோம்.

பண்ணையின் அமைப்பு

ஐக்கிய அமெரிக்க நாட்டின் நடுப்பகுதியிலுள்ள ஐயோவா மாகாணம் மக்காச்சோள விளைவுக்குப் பெயர்போனது. அதன் தலைநகராகிய டி மாயின் நகரை அடுத்த அர்பண்டேல் என்னும் ஊரில், 'லிவிங் ஹிஸ்டரி ஃபார்ம்ஸ்' என்னும் ஸ்தாபனம் 1970ஆம் ஆண்டில் தோன்றியது. ஐயோவா மாகாணப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக விளங்கிய வில்லியம் மரே என்பவரே இதற்கு மூலகாரணர். சுமார் 500 ஏக்கர் பரப்புள்ள இவ்விடத்தில் மூன்று பண்ணைகள் உள்ளன. ஒன்று 1700ஆம் ஆண்டையும், மற்றொன்று 1850ஆம் ஆண்டையும், பிறிதொன்று 1900ஆம் ஆண்டையும் குறிப்பன. இவற்றோடு 1875ஆம் ஆண்டுக் காலத்துச் சிற்றூர் ஒன்றும், கொல்லன் பட்டறை, பலசரக்குக் கடை முதலியவற்றுடன் அமைக்கப்பட்டுள்ளது. அந்தந்தக் காலத்து உடையணிந்த பணியாளர்கள் உழுதும், விதைத்தும், சமைத்தும், கால்நடைகளைப் பேணியும், காண்போர் வினாவுக்கு விடை கூறுகின்றனர். கண்ணாடிப் பேழையுள் வைத்த கலப்பை சிறுவர் மனத்தில் நிற்பதில்லை. எருது இழுக்க மண்ணைப் புரட்டிச் செல்லும் கலப்பையை அவர்கள் மறப்பதுமில்லை.

1700ஆம் ஆண்டுப் பண்ணை

இது அந்நிலத்தின் பழங்குடிகளாகிய ஐயோவே மக்களின் வேளாண்மையைக் காட்டுவது. மாகாணத்தின் பெயரே இவர்களால் வந்ததாகும். மரப்பட்டையால் மூடிய குடில்களும், மக்காச்சோளம், அவரை, பூசணி ஆகிய மூன்றும் சேர்ந்து வளரும் விளைநிலமும் இங்கே உள்ளன. அவரைக்கொடி சோளத்தண்டைப் பற்றி ஏறும். அதன் வேர் மண்ணுக்கு உரம் சேர்க்கும். பூசணியின் அகன்ற இலைகள் தரையை மூடிக் களையை அடக்கி ஈரத்தைக் காக்கும். ஊடுபயிர் இட்டுப் பழகிய நம் உழவர்க்கு இதன் நயம் எளிதில் விளங்கும். இம்மக்களிடையே உழவுத்தொழில் பெண்டிர் கையில் இருந்தது. கலப்பையும் இழுக்கும் கால்நடையும் அவர்களிடம் இல்லை. காட்டெருமையின் தோள்பட்டை எலும்பைக் கம்பில் கட்டி மண்வெட்டியாகக் கொண்டனர். உலர்த்திய தானியத்தை நிலத்தில் தோண்டிய குழிகளிற் சேமித்தனர்.

1850ஆம் ஆண்டுப் பண்ணை

அடுத்துக் காண்பது, ஐயோவா தனி மாகாணமான 1846ஆம் ஆண்டையொட்டிக் குடியேறிய வெள்ளையர் குடும்பத்தின் பண்ணை. மரத்துண்டுகளை அடுக்கிக் கட்டிய வீடு, அடுப்படியிலேயே சமையல், பிளந்த கட்டைகளால் ஆகிய வேலி, நுகத்திற் பூட்டிய எருதுகள் என இவை அதன் அங்கங்கள். அந்நாடு அக்காலத்தில் ஆள் உயரப் புல் செறிந்த வெளியாயிருந்தது. ஆழ வேரோடிய அப்புற்றரையை முதன்முறை உழுவதற்குப் பல ஜோடி எருதுகளைப் பூட்டவேண்டியிருந்தது. அங்குள்ள பிசுபிசுப்பான மண் பழைய வார்ப்பிரும்புக் கலப்பையில் ஒட்டிக்கொண்டு உழவரை வருத்தியது. 1837ஆம் ஆண்டில் இல்லினாய் மாகாணத்துக் கொல்லர் ஜான் டீர் என்பவர் மெருகிட்ட எஃகாலாகிய கலப்பையைச் செய்தார். மண் அதில் ஒட்டாது வழுக்கி விழுந்தது. இத்தகைய கலப்பைகள் பரவியபின் அப்புல்வெளி விரைவில் விளைநிலமாயிற்று.

1900ஆம் ஆண்டுப் பண்ணை

இங்கே எருதுகளுக்குப் பதிலாகப் பெருங்குதிரைகள் உழைக்கின்றன. உழவன் அமர்ந்து ஓட்டும் கலப்பை, ஒரே வேளையில் இரு வரிசை விதைக்கும் கருவி ஆகியவை அக்காலத்து உழவர்க்குக் கிடைத்துவிட்டன. ஆயினும் மக்காச்சோள அறுவடை கைவேலையாகவே இருந்தது. கையிற் கட்டிய சிறு கொக்கியால் கதிரின் மட்டையைக் கிழித்து, கதிரை முறித்து, உடன் செல்லும் வண்டியில் எறியவேண்டும். குளிர்காலம் தொடங்கியபின்னும் இவ்வேலை நீடிப்பதுண்டு. குதிரைகளுக்கு வேண்டிய ஓட்ஸும் வைக்கோலும் அந்நிலத்திலேயே விளையவேண்டியிருந்ததால், விளைவில் ஒரு பங்கு உழைக்கும் விலங்குக்கே சென்றது. அமெரிக்கப் பண்ணைகளில் டிராக்டர்களின் எண்ணிக்கை குதிரை, கோவேறு கழுதைகளின் எண்ணிக்கையைத் தாண்டியது 1954ஆம் ஆண்டில்தான்.

உழைப்பின் கணக்கு

அமெரிக்க விவசாய இலாகாவின் கணக்கு ஒன்றைச் சிறுவர்க்கு இவ்விடத்தில் எடுத்துக்காட்டுதல் நலம். 100 புஷல், அஃதாவது சுமார் 2,500 கிலோ மக்காச்சோளம் விளைவிக்க 1850ஆம் ஆண்டில் இரண்டரை ஏக்கர் நிலமும் 75 முதல் 90 மணி நேர உழைப்பும் வேண்டியிருந்தன. 1890ஆம் ஆண்டில் அதே நிலத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் போதுமாயிற்று. 1987ஆம் ஆண்டிலோ, ஒன்றேகால் ஏக்கருக்கும் குறைந்த நிலத்தில் இரண்டேமுக்கால் மணி நேரத்தில் அவ்வளவும் விளைந்தது. 1850ஆம் ஆண்டில் அந்நாட்டு உழைப்பாளருள் நூற்றுக்கு 64 பேர் உழவர். 1900ஆம் ஆண்டில் 38 பேர். 1990ஆம் ஆண்டில் 3 பேருக்கும் குறைவு.

கணக்கில் சேராதவை

இவ்வளவோடு நிறுத்தினால் சிறுவர் பாதிப் பாடத்தையே கற்றவராவர். முதற் பண்ணைக்கும் இரண்டாம் பண்ணைக்கும் இடையே நடந்தது யாது என்று அவர்கள் வினவுதல் வேண்டும். ஐயோவே மக்கள் 1836, 1838ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகளால் அந்நிலத்தின்மேல் தமக்கிருந்த உரிமையை இழந்து வேறிடம் பெயர்க்கப்பட்டனர். அவர்தம் வழியினர் இன்று கான்சாஸ், நெப்ராஸ்கா, ஒக்லஹோமா மாகாணங்களில் வாழ்கின்றனர். எழுத்துப் பத்திரம் ஒன்று ஒரு குடியின் வாழ்வை எவ்வாறு மாற்றவல்லது என்பதைக் கிராம அதிகாரிகளுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இரண்டாவது, மண்ணின் கதை. ஐயோவா மாகாணத்தின் பெரும்பகுதியை மூடியிருந்த அப்புல்வெளியில், இன்று எஞ்சியிருப்பது ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவே. அப்புல்லின் வேர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஆக்கிய கரிய மேல்மண், உழவு தொடங்கிய ஒன்றரை நூற்றாண்டுக்குள் மழையாலும் காற்றாலும் பெரிதும் அரித்துச் செல்லப்பட்டது. 1979ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி போப் இரண்டாம் ஜான் பால் இப்பண்ணைக்கு வந்து, லட்சக்கணக்கான மக்கள் முன்னிலையில் வழிபாடு நடத்தியபோது, நிலம் தலைமுறை தலைமுறையாகப் பயன்தரவேண்டியது என்றும் அதனைக் கருத்துடன் பேணவேண்டும் என்றும் உபதேசித்தார். அறிவுரைக்கு அதனினும் பொருத்தமான இடம் வாய்ப்பது அரிது.

சிறுவரை அழைத்துச் செல்லும் முறை

முதலாவது, காலவரிசைப்படி பழைய பண்ணையிலிருந்து புதியதற்குச் செல்லுதல் வேண்டும். முன்பின்னாகப் பார்த்தால் மாறுதலின் போக்கு விளங்காது.

இரண்டாவது, ஒவ்வொரு பண்ணையிலும் பிள்ளைகள் மூன்று வினாக்களைக் கேட்கட்டும். இங்கே உழைப்பவர் யார்? பாரம் இழுப்பது எது? அறுவடைக்குப்பின் மண்ணுக்குத் திரும்பச் செல்வது யாது? பெற்றோர் விடையை முந்திக்கொண்டு கூறாதிருத்தல் நலம்.

மூன்றாவது, பணியாளர் இணங்கும் இடத்து, ஒரு வேலையையேனும் பிள்ளை தன் கையால் செய்யவேண்டும். நீர் நிறைந்த வாளியை நூறு அடி தூரம் சுமந்த சிறுவனுக்கு, 1850ஆம் ஆண்டின் நாள் எத்தகையது என்பதைப் பின்னர் விரித்துரைக்க வேண்டாம்.

நான்காவது, எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிடும் பேராசை கூடாது. பரப்பு பெரிது; நடையும் மிகுதி. சிறு குழந்தைகளுடன் செல்வோர் இரண்டு பண்ணைகளை நிதானமாகப் பார்த்தாலே போதும். தொப்பி, நல்ல பாதரட்சை, குடிநீர் ஆகியவை உடனிருக்க வேண்டும். குதிரையின் பின்புறமாக எவரும் செல்லலாகாது. பணியாளரைக் கேளாமல் எவ்விலங்கையும் தொடலாகாது.

ஐந்தாவது, வீடு திரும்பியபின் மேற்கூறிய உழைப்புக் கணக்கைப் பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும். மிச்சமான மணி நேரம் எங்கே சென்றது, இயந்திரத்தையும் எரிபொருளையும் உரத்தையும் ஆக்கும் உழைப்பு இதிற் சேர்ந்துளதா என்று வினவினால், அவர்தம் அறிவு மேலும் தெளிவடையும்.

நாம் செய்யக்கூடியது

அமெரிக்காவுக்குச் செல்ல இயலாதவர்க்கும் இம்முறை பயன்படும். ஏரும் ஏற்றமும் கவலையும் நம் ஊர்களில் அருகிவிட்டன. அவற்றைக் கையாண்ட முதியோரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். கொட்டிலின் மூலையில் கிடக்கும் மரக்கலப்பையை விறகாக்காமல் செப்பனிட்டு வைத்து, ஆண்டுக்கொரு முறை பள்ளிப் பிள்ளைகள் காண ஒரு சால் உழுது காட்டுவதற்குப் பெருஞ்செலவு இல்லை. உழுதறிந்த பெரியவர் ஒருவர் மேழி பிடிக்க, கிராம அதிகாரிகளும் ஆசிரியர்களும் நிலமுடையோரும் கூடி ஏற்பாடு செய்தால் ஒரு காலைப்பொழுதில் இது நிறைவேறும். அடுத்த உழவுப் பருவத்துக்கு முன்னரே இதற்கு ஆவன செய்யுமாறு நம் வாசகர்களை வேண்டுகிறோம்.